கிளைடர் வாங்கலாமா, கையைக் கட்டிக்கொண்டு குதிக்கலாமா?

கேள்வி: ஃபோர்ட்நைட் வீடியோ கேமில், வானிலிருந்து மிதந்து இறங்க உதவும் கிளைடரை விலை கூடியதாக வாங்கினால் சீக்கிரம் தரையிறங்கலாம் என்கிறான் மகன். நிஜமா? – தாம்பரம் வாசகி

பதில்: டூப். ஆட்டத் தொடக்கத்தில் வானில் பறக்கும் பஸ்ஸிலிருந்து குதித்தால் எல்லாக் கிளைடரும் ஒரே வேகம். மாறுவது உருவமும் சத்தமும்தான். ஒரு ஆட்டம் ஜெயிக்கச் சொல்லுங்கள், குடை வடிவக் கிளைடர் ஒன்று இலவசமாகவே கிடைக்கும்.

கேள்வி: கேம்களில் விலையை ரூபாயில் போடாமல் ஏன் காயினில் போடுகிறார்கள்? – சேலம் வாசகர்

பதில்: என் வயிற்றெரிச்சலைக் கிளறிவிட்டீர்கள். வேறொரு கேமில், பெயர் வேண்டாம், மயில் தோகை மாதிரி விரியும் கிளைடர் ஒன்றைப் பார்த்து மயங்கினேன். விலை 1200 காயின். விற்பதோ ஆயிரம் ஆயிரமாக. இரண்டு கட்டு வாங்கினேன், 800 மிச்சம். அந்த 800 சும்மா கிடக்கிறதே என்று 800 காயினுக்கு ஒரு கோடாரி! எனக்குத் தேவையே இல்லாத கோடாரி. ரூபாயைக் காயினாக மாற்றியதுமே 'செலவழித்தாகிவிட்டது' என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டும் கடைக்காரரிடம் சண்டை போடுகிறவன்தான் நான். இங்கே வாயே திறக்கவில்லை. அப்புறம் அந்தத் தோகை, ஒரு ஆட்டத்தில் சில விநாடிதான் தெரியும். அதுவும் முதுகுப் பக்கமிருந்து. வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ரூபாய்க் கணக்கு எழுதிப் பாருங்கள்.

கேள்வி: ராத்திரி வாங்கிய கிளைடர் காலையில் பிடிக்கவில்லை. நடுவில் நாலு ஆட்டம் ஆடிவிட்டேன். ஃபோர்ட்நைட்டில் திருப்ப முடியுமா?

பதில்: கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கடையில் நீட்டுகிறீர்கள். 24 மணி நேரத்துக்குள், பயன்படுத்தாமல் இருந்திருந்தால் ரத்து செய்திருக்கலாம். வாங்கியதைத் திருப்ப உதவும் ரிட்டர்ன் டிக்கெட் உங்கள் கேம் கணக்கில் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் வி-பக்ஸாகத்தான், அதாவது ஃபோர்ட்நைட்டின் காயினாகத்தான், திரும்பும், பணமாக அல்ல.

கேள்வி: ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் பணம் திருப்பித் தருவதாகப் படித்தேன். 2018-இல் என் பையன் கை பட்டு வாங்கியவற்றுக்கும் கிடைக்குமா? – நியூஜெர்சி வாசகி

பதில்: உங்கள் தப்பில்லை. ஸ்லீப்பிலிருந்து கேமை எழுப்ப பட்டனை அழுத்தினாலே கட்டணம் விழுந்தது என்பதும் அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியின் புகார்களில் ஒன்று. அந்தக் கட்டணத்தை வங்கியில் ஆட்சேபித்தவர்களின் கேம் கணக்கையே பூட்டினார்கள் என்றும் சொன்னது. 2022-இல் 24.5 கோடி டாலர் திருப்பித் தர எபிக் ஒத்துக்கொண்டது. ஆனால் விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2025 ஜூலை 9. முடிந்துவிட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: இலவச வி-பக்ஸ் தருவதாகச் சொன்ன தளத்தில் பாஸ்வேர்டு போட்டேன். கணக்கே போச்சு. அப்பாவுக்குத் தெரியாது. – பத்தாம் வகுப்பு

பதில்: தம்பி, உன்னைத் திட்டப் போவதில்லை. அதே பாஸ்வேர்டு இமெயிலுக்கும் உண்டென்றால் முதலில் அதை மாற்று. பிறகு வாங்கிய ரசீதுகளோடு எபிக் உதவி மையத்துக்கு எழுது. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. அந்தக் கணக்கில் அவர் கார்டு இருக்கிறதல்லவா?