137 ஸ்டாரும் ஒரு குப்பிப் புளியங்கொட்டையும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். நான் ஒரு அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை) கணக்கு எழுதுகிறேன். வீடு வந்து சேர ஆறு மணி ஆகிவிடும். மகனுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. மகளுக்கு ஆறு. நாலரைக்குப் பள்ளி விட்டு வரும் இரண்டு பேரையும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

பள்ளி திறந்ததும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு அட்டை ஒட்டினேன். பல் தேய்ப்பது, பையை இடத்தில் வைப்பது, வீட்டுப்பாடம், தங்கச்சியை அடிக்காமல் இருப்பது, கோழிக்குத் தீவனம் போடுவது, நல்ல பிள்ளையாக இருப்பது என்று மொத்தம் பதினொரு வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டார். 500 சேர்ந்தால் சைக்கிள் என்று அவன் அப்பா போனில் சொல்லிவிட்டார்.

முதல் பத்து நாள் வீடே மாறிப்போச்சு. அதற்குப் பிறகுதான் தொல்லை. இரவு ஒன்பது மணிக்கு அட்டையும் கையுமாக உட்கார்ந்தால், "நான் அடிக்கவே இல்ல" என்பான் இவன், "அடிச்சான்" என்பாள் அவள். "போட்டு மக்களே, ஒண்ணு ஒட்டிக் குடு" என்பார்கள் மாமியார். முன்பெல்லாம் கோழிக்கு அவனாகவே தீவனம் போடுவான். இப்போது, "எத்தன ஸ்டாரு தருவிய?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். போன வாரம் தங்கச்சியைப் பிடித்துத் தள்ளினான், அவளுக்குப் படியில் தலை இடித்துவிட்டது. ஆத்திரத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டேன். அதில் 137 ஸ்டார் இருந்தது. அன்றிலிருந்து பல் தேய்க்க வைப்பதே சண்டையாக இருக்கிறது. சாயங்காலம் சத்தம் போடாமல் இருக்கட்டும் என்று மாமியார் அவர்கள் போனைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் வந்து வாங்கினால் தரையில் புரண்டு அழுகிறான். லஞ்சம் கொடுத்துப் பிள்ளை வளர்க்கிறேன் என்று நாத்தனார் சொல்கிறாள். இதை நிறுத்தவா, தொடரவா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

சகோதரிக்கு,

நாலரைக்கு நடந்த காரியத்துக்கு ஒன்பது மணிக்குக் கூலி கொடுத்திருக்கிறீர்கள். அதுவும் நடந்ததைப் பார்க்காத ஒருவர் கொடுத்த கூலி. பையை இடத்தில் வைத்தது அவனுக்கே அப்போது மறந்துபோயிருக்கும். ஒன்பது மணிக்கு யார் நன்றாக வாதாடுகிறார்களோ அவர்களுக்கு ஸ்டார் கிடைத்தது. ஆக, உங்கள் அட்டை வளர்த்தது வாதாடும் பழக்கத்தை. பத்து நாள் அது வேலை செய்தது புதுசு என்பதால் மட்டும்தான்.

தொடரலாம், ஆனால் இந்த உருவத்தில் வேண்டாம். பார்க்கிற கண்தான் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் நாலரை முதல் ஆறு வரை அந்தக் கண் மாமியாருடையது. அட்டை, பேனா, ஸ்டிக்கர் எல்லாம் அவர்களுக்கு இடைஞ்சல். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஒரு குப்பியும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையும் அவர்கள் கையில் கொடுங்கள். காரியம் நடந்த அரை நிமிடத்துக்குள் ஒரு கொட்டை விழ வேண்டும். கூடவே, பார்த்ததைச் சொல்ல வேண்டும்: "சொல்லாமலே பையக் கொண்டு வெச்சுட்டியே மக்களே." "நல்ல பிள்ளை" என்று மட்டும் சொன்னால் எது நல்லது என்று அவனுக்குத் தெரியாது. (சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள். அது விஷம். ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீடு.)

அதற்கு முன்னால் ஒரு கடன் இருக்கிறது, அந்த 137. தள்ளியது தப்புதான். அதற்கான விளைவு அப்போதே இருந்திருக்க வேண்டும்: விளையாட்டு நின்றது, தங்கச்சிக்கு ஐஸ் வைக்க அவனே உதவினான், அவ்வளவு. ஏற்கெனவே உழைத்துச் சேர்த்ததைப் பிடுங்கினால், சேர்த்து வைப்பது முட்டாள்தனம் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் ராசெஸ்டரில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. நல்ல வண்ணப் பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன பெரியவர் சில பிள்ளைகளிடம் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு, இப்போதே தின்றால் ஒரு மிட்டாய், காத்திருந்தால் இரண்டு என்றபோது, ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக மூன்று நிமிடம்தான் பொறுத்தார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் பன்னிரண்டு நிமிடம் பொறுத்தார்கள். பொறுமை பாதிக்குப் பாதி பெரியவர் வாக்கில் இருக்கிறது. எனவே அவனை உட்கார வைத்து, "கிழிச்சது அம்மா தப்பு" என்று சொல்லுங்கள். அந்த 137-க்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டிப்போய், பழைய கணக்கை அங்கேயே முடித்துவிடுங்கள். மழைக் காலமாக இருந்தால் மாற்று ஏற்பாட்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது; வெளியே போகும் பரிசுகள் பாதி மழையில்தான் பொய்யாகிப் போகின்றன.

பதினொரு வரி வேண்டாம். மகனுக்கு இரண்டு போதும். "நல்ல பிள்ளை" என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. "அடிக்காமல் இருப்பது" என்பதும் சரிவராது. செத்தவராலும் செய்ய முடிகிற காரியம் நடத்தையே அல்ல என்று நடத்தை ஆய்வாளர்களிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. அடிக்காமல் இருக்கச் செத்தவராலும் முடியும். அடிப்பதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் கேள்வி. முதல் காரியம்: ஐந்து மணிக்குள் பை கொக்கியில், சோற்றுப் பாத்திரம் தொட்டியில், சீருடை கூடையில். மூன்றும் சேர்ந்து ஒரு கொட்டை. இரண்டாவது: தங்கச்சி மீது கோபம் வந்தால் கையைக் கீழே போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து பாட்டியைக் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கொட்டை, நாளுக்கு அதிகபட்சம் மூன்று. உச்சவரம்பு இல்லாவிட்டால் கொட்டைக்காகவே கோபப்படுவான், அவ்வளவு கெட்டிக்காரன்தான். கோபம் இல்லாத நேரத்தில் நாலைந்து முறை நடித்துப் பழக்குங்கள். கொதிக்கிற நேரத்தில் புதிதாக எதுவும் தலைக்குள் ஏறாது.

இனி விலை. 500 ஸ்டார் என்பது நாளுக்கு ஆறு வீதம் 83 நாள். ஒன்பது வயசுக்கு அது முடிவே இல்லாத தூரம். புதிய கணக்கில் நாளுக்கு அதிகபட்சம் நாலு. சராசரியாக மூன்று விழும். இரண்டு கொட்டைக்கு அன்று இரவே உங்களோடு இருபது நிமிடம் கேரம். பதினாலு கொட்டைக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல் என்று முடிவு செய்யும் அதிகாரம். வாரத்தில் சேரும் இருபத்தொன்றில் மூன்று இரவு கேரமுக்குச் செலவழித்தாலும் பதினைந்து மிஞ்சும். நாலாவது இரவும் கேட்டால் ஞாயிறு போகும். தடுக்காதீர்கள், கையில் இருப்பதை மட்டும் எண்ணிக் காட்டுங்கள். தன்னடக்கம் பழகுவது அந்தக் கணக்கில்தான். பரிசாகத் தின்பண்டம் வேண்டாம்; நாலரைக்கு வயிறு பசிக்கும், பாட்டி தருகிற பழம்பொரிக்கு விலை வைக்கக் கூடாது. காசும் வேண்டாம்.

கோழித் தீவனத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், படம் வரைய ஆசைப்பட்ட சின்னப் பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். தானாகச் செய்துகொண்டிருந்ததை நாமே கூலி வேலை ஆக்கிவிட்டோம். இப்போது "எத்தன தருவிய" என்றால், "அது உன் கோழி, நான் ஏன் தரணும்" என்று சிரித்துவிட்டு நகருங்கள். சில வாரம் நீங்களே போட வேண்டியிருக்கும்.

நாத்தனார் சொல்கிற லஞ்சம் ஸ்டார் அல்ல, போன். சொன்னதைச் செய்த பிறகு பேசியபடி கொடுப்பது கூலி. சத்தத்தை நிறுத்தக் கொடுப்பதுதான் லஞ்சம். போனைப் பரிசாகவும் ஆக்காதீர்கள், மவுசு கூடும். நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் தினமும் ஆறரை முதல் ஏழு வரை, அவ்வளவுதான். முதல் நாட்களில் அழுகை முன்பைவிடக் கூடும். வழக்கமாகக் கிடைத்தது நின்றால் பல பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஐந்தாம் நாள் மனமிரங்கிக் கொடுத்தால், ஐந்து நாள் அழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். இதை மாமியாரிடம் தனியாக, பிள்ளைகள் இல்லாதபோது, மரியாதையாகப் பேசுங்கள். குப்பி அவர்கள் பொறுப்பில் இருப்பதால் பாதி எதிர்ப்பு அங்கேயே கரையும்.

கணவரிடம் சைக்கிளைப் பிறந்தநாளுக்கு மாற்றச் சொல்லுங்கள், எந்தக் கணக்கும் இல்லாமல். இங்கே எட்டரை என்றால் மஸ்கட்டில் ஏழு, அந்த அழைப்பில் மகன் குப்பியைக் காட்டட்டும், "இது எதுக்குக் கெடச்சுது?" என்று அப்பா கேட்கட்டும்.

மகளுக்குத் தனிக் குப்பி. ஒரே காரியம், அன்றன்றே செலவு. ஆறு வயசுக்குச் சேமிப்பு ஏறாது. இரண்டு குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். லண்டனில் பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்விலேயே 18 முதல் 254 நாள் வரை ஆனது. வாரத்தில் ஐந்து நாள் சொல்லாமலே பை கொக்கிக்குப் போகிறது, மூன்று வாரம் தொடர்ந்து அப்படியே என்றால், பைக்கான கொட்டையை நிறுத்தி, பாராட்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்கான கொட்டை இன்னும் சில மாதம் ஓடட்டும்.

அடிப்பதும் நிலைகொள்ளாமையும் வீட்டில் மட்டுமில்லாமல் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று ஆசிரியையிடம் கேளுங்கள். இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நேரில் போக முடியாத நாளில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.