பொதுச் செலவை மார்ச் மாதத்தில் பிரிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். நடமாடும் மருத்துவம், தேன் எடுப்போருக்கான பயிற்சி, மாலைப் பள்ளி என மூன்று திட்டங்கள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நன்கொடையாளர். மருத்துவத்துக்கு வருவது வெளிநாட்டு நிதி. ஜீப், அலுவலக வாடகை, என் சம்பளம் ஆகியவை மூன்றுக்கும் பொது. ஆண்டுக் கடைசியில் எந்தத் திட்டத்தில் பணம் மிஞ்சியிருக்கிறதோ அதில் இவற்றை எழுதிவிடுவோம். இம்முறை ஆடிட்டர் ஏற்கவில்லை. எப்படி, எப்போது பிரிப்பது?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் ஆடிட்டர் மறுத்தது சரிதான். மிஞ்சிய பணத்தைப் பார்த்துச் செலவை எழுதும்போது, ஒரு நன்கொடையாளர் கொடுத்த பணம் இன்னொருவரின் வேலைக்குப் போய்விடுகிறது. யார் எவ்வளவு பயன்படுத்தினார்களோ அவர்கள் அவ்வளவு சுமக்க வேண்டும் என்பதுதான் செலவுப் பகிர்வின் அடிப்படை.

ஜீப்பையே எடுத்துக்கொள்வோம். டீசல், பழுதுபார்ப்பு, காப்பீடு, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் ஆகிறது, வண்டி 18,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், கிலோமீட்டருக்கு 20 ரூபாய். மருத்துவத்துக்கு 9,000, தேன் பயிற்சிக்கு 6,000, பள்ளிக்கு 3,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், முறையே 1,80,000, 1,20,000, 60,000 ரூபாய் அவற்றின் பங்கு. சமமாகப் பிரித்தால் பள்ளியின் தலையில் இரு மடங்கு விழும். இதற்கு ஆதாரம் ஓட்டுநரின் லாக் புக் மட்டுமே. ஒவ்வொரு பயணத்துக்கும் எதற்காகப் போனது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஒரு மாதக் கணக்கை வைத்து ஆண்டு முழுவதற்கும் ஊகிக்காதீர்கள். கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலும் உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் மழை வலுக்கும் மலை இது. பாதை அடைபட்டுச் சுற்றிப் போகும் மாதமும் வெயில் மாதமும் ஒன்றாகா. வாடகையை ஒவ்வொரு திட்டமும் பிடித்திருக்கும் இடத்தின் பரப்பளவை வைத்தும், உங்கள் சம்பளத்தை நேரக் குறிப்பேட்டை வைத்தும் பிரிக்கலாம்.

எப்படி என்பதைவிட எப்போது என்பதில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் தடுமாறுகின்றன. பகிர்வுத் திட்டத்தை ஏப்ரல் 1-க்கு முன்பே, ஜனவரி, பிப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் போடும்போதே எழுதி, நிர்வாகக் குழுவின் தீர்மானத்தில் ஏற்றுங்கள். நன்கொடையாளருக்கு விண்ணப்பம் எழுதும்போது ஜீப்பின் பங்கைக் கேட்காமல் விட்டுவிட்டால், பிறகு எவ்வளவு நியாயமாகப் பிரித்தாலும் அதற்குப் பணம் இருக்காது. மார்ச் மாதத்து அவசரம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கூட்டரசு மானியம் பெறும் உள்ளாட்சிகளுக்கும், பொதுச் செலவைக் கோரும் நிதியாண்டு தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் பகிர்வுத் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. அங்கே பலர் முடிந்துபோன ஆண்டின் உண்மைக் கணக்கை அடிப்படையாக வைத்து, வித்தியாசத்தைப் பின்னால் வரும் ஆண்டில் சரிசெய்கிறார்கள். நீங்களும் கடந்த ஆண்டு லாக் புக்கிலிருந்து விகிதத்தை எடுத்து, மாதந்தோறும் அதன்படி வவுச்சர் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை உண்மை ஓட்டத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். ஒரு திட்டம் நின்றாலோ புதிது வந்தாலோ அன்றி, ஆண்டின் நடுவில் அடிப்படையை மாற்றாதீர்கள். மாற்றினால் காரணத்தை எழுதி வையுங்கள்.

வெளிநாட்டு நிதி இருப்பதால் உங்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த நிதிக்கான தனி வங்கிக் கணக்கில் உள்ளூர்ப் பணம் கலக்கக் கூடாது. ஆகவே அதிலிருந்து மற்றத் திட்டங்களின் வாடகையையும் கொடுத்துவிட்டு மார்ச்சில் திருப்பிப் போடலாம் என்ற எண்ணமே வேண்டாம். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் (FCRA) 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அலுவலக வாடகையும் கணக்கு எழுதும் செலவும் அந்த வரம்புக்குள் வரும். மருத்துவர் சம்பளம்போல நோக்கத்துக்கே நேராகச் செலவாவது வராது. முகாமுக்குப் போன ஜீப் எந்தப் பக்கம் சேரும் என்று ஆடிட்டரிடம் இப்போதே கேட்டு, அவர் சொல்வதைப் பகிர்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

முடிந்துபோன ஆண்டுக்கு, லாக் புக்கில் பயண நோக்கம் இருக்கும் மாதங்களை மட்டுமாவது எடுத்து மறுபடி கணக்கிட்டு, மற்ற மாதங்களுக்கு ஆதாரம் இல்லை என்பதை மூன்று நன்கொடையாளர்களுக்கும் நீங்களாகவே எழுதித் தெரிவியுங்கள்.