மாற்றுத்திறனாளி மகனைப் பாத்துக்க பெத்தவங்களே சம்பளம் வாங்கறது சரியா?

வாங்கினா என்னங்க தப்பு? என் பையனுக்கு 26 வயசு, பொறந்ததுலேர்ந்தே செரிப்ரல் பால்சி, அதாவது மூளை பாதிப்பால கை கால் அவன் கட்டுப்பாட்டுல இல்ல, நாங்க கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கோம். போன வருஷம் எனக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு, வெயிட் தூக்கவே கூடாதுன்னுட்டாங்க, இவனோ 48 கிலோ, வேற வழியில்லாம பாண்டியிலேர்ந்து ஒரு ஆள வெச்சோம், ஒரு நாளைக்கு 900 ரூபா, சாப்பாடு நம்மது. அந்தத் தம்பி வந்ததும் என்னென்ன செய்யணும்னு எழுதிக் குடுங்கக்கான்னான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ புரட்டிப் படுக்க வெக்கணும் இல்லன்னா இடுப்புல புண்ணு வந்துடும், இட்லிய ரசத்துல கரைச்சு ஸ்பூன கடவாய்ல வெக்கணும், நடு நாக்குல வெச்சா வெளிய தள்ளிடுவான், இப்படியே நோட்டுல நாலு பக்கம் போயிடுச்சு. ரெண்டாவது பக்கத்துலயே "ராத்திரிக்கு தனி சார்ஜுக்கா"ன்னான். 26 வருஷத்துல எனக்கு அது தோணவே இல்ல பாருங்க.

நாத்தனார் பொண்ணு கலிஃபோர்னியாவுல இருக்கா, அங்க ஐஹெச்எஸ்எஸ்னு, வீட்டுல வெச்சு பாத்துக்கறவங்களுக்கு அரசாங்கமே சம்பளம் குடுக்கற ஒரு திட்டம் இருக்குன்னு அவதான் சொன்னா. கவுன்ட்டி, நம்ம மாவட்டம் மாதிரி, அந்த ஆபீஸ் ஆளுங்க வந்து குளிப்பாட்ட இவ்ளோ ஊட்டிவிட இவ்ளோன்னு கணக்கு போட்டு மணிநேரம் ஒதுக்குவாங்களாம், மாசத்துக்கு அதிகபட்சம் 283 மணி நேரம், அம்மாவே டைம்ஷீட் போட்டு வாங்கிக்கலாம். ஆள வெக்கறதும் நிறுத்தறதும் அந்தப் பிள்ளையோட உரிமை, அவன்தான் முதலாளி. என் பையன்கிட்ட "முதலாளி, சம்பளம் எப்போ"ன்னு கேட்டேன், கழுத்த சாய்ச்சுகிட்டு ஒரே சிரிப்பு.

நம்ம ஊர்லயும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல பராமரிப்பாளர் படின்னு இருக்கு. தமிழ்நாட்டுல பிள்ளைக்கு மாசம் 2000, ரொம்ப உதவி தேவைப்படறவங்கன்னா கூட இருந்து பாத்துக்கறவங்களுக்குன்னு 1000. ரெண்டையும் சேத்தா அந்தத் தம்பிக்கு மூணு நாள் கூலி, அவ்ளோதான். இன்னொண்ணு, 18 முடிஞ்சா பெத்தவங்க தானாவே கார்டியன், அதாவது சட்டப்படி காப்பாளர், கிடையாது, செரிப்ரல் பால்சி, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடுன்னா நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்கற கமிட்டிகிட்ட மனு போட்டு வாங்கணும், தள்ளிப் போடாதீங்க, நாங்க பேங்க்ல போய் முழிச்சப்புறம்தான் ஓடினோம்.

பெத்த புள்ளைக்கு கூலியான்னு எங்க கொழுந்தனார் கேட்டாரு. அந்தத் தம்பிக்கு பத்து நாள் காச எண்ணிக் குடுத்ததே அவர்தான், அப்ப ஒண்ணும் கேக்கல. நோட்டு ஃப்ரிட்ஜ் மேலதான் இருக்கு, ஒரே ஒரு ராத்திரி வந்து பாத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கேன், இன்னும் வரல.