கம்ப்யூட்டர் இழுத்துகினு நிக்குதா? ஸ்வாப் பத்தி கேளுங்க, சொல்றேன்

வேலூர்ல சிஸ்டம் சர்வீஸ் பாக்கறேன். ராம் பத்தாம டிஸ்க்கப் போட்டு ஆட்டற கேஸ்தான் எங்கிட்ட நிறைய வருது, அதனால இன்னிக்கி அத மட்டும் கேளுங்க. ராம் பத்தாதப்ப டிஸ்க்ல கொஞ்சம் எடத்த ராம் மாதிரி வச்சிக்கறதுதான் ஸ்வாப், விண்டோஸ்ல அந்த எடத்துக்கு பேஜ்ஃபைல்னு பேரு.

ஆம்பூர், ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸ்: அண்ணா, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. டேலி, எக்செல், குரோம் மூணும் தொறந்தா ஹார்ட் டிஸ்க் லைட் அணையவே மாட்டேங்குது, மவுஸ் கூட நகரல. வைரஸா?

வைரஸ்னு ஃபார்மட் அடிச்சிடாதீங்க. டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரி போங்க, "கமிட்டட்"னு ரெண்டு நம்பர் இருக்கும், மொதலாவது ப்ரோக்ராமுங்க கேட்டு வாங்கின மொத்த மெமரி, ரெண்டாவது அதுக்கான லிமிட். மொத நம்பர் உங்க 4 ஜிபிய நல்லா தாண்டி போயிருந்தா சந்தேகம் அங்கதான். அப்புறம் ரிசோர்ஸ் மானிட்டர் தொறந்து "ஹார்ட் ஃபால்ட்ஸ்" பாருங்க, வேண்டியது ராம்ல இல்லாம டிஸ்க்ல போய் எடுத்த தடவைங்க கணக்கு அது. ஒரு ப்ரோக்ராம் தொறக்கும்போது ஏறி இறங்கினா அது சகஜம். நீங்க சும்மா உக்காந்திருக்கும்போதே நூத்துக்கணக்குல ஓடிகினே இருந்து, டிஸ்க் டேப்ல பேஜ்ஃபைல் மேல வந்து நின்னா ராம் பத்தலைன்னு அர்த்தம். மெமரிய துண்டு துண்டாதான் எடுக்கும், ஒரு துண்டுக்கு பேஜ்னு பேரு, ஒரு பேஜ் 4 கேபி, சுத்தற ஹார்ட் டிஸ்க் செகண்டுக்கு ஏறக்குறைய 100 எடத்துலதான் தேடி எடுக்கும், சிதறி கெடந்தா செகண்டுக்கு 400 கேபிதான் வரும். 200 எம்பி திரும்ப வரணும்னா எட்டு நிமிஷம். மவுஸ் எப்படி நகரும்? "ஸ்லாட்ஸ் யூஸ்டு" பாத்து ஒரு ஸ்லாட் காலியா இருந்தா 4 ஜிபி சேருங்க, ராம் வகை டிடிஆர்3யா டிடிஆர்4ஆன்னு பாத்துட்டு வாங்குங்க. முடிஞ்சா எஸ்எஸ்டியும் போடுங்க.

குடியாத்தம்: நல்ல ராம் கிளீனர் ஒண்ணு சொல்லுங்க சார்.

எதுவும் வேணாம். அது ராம்ல இருக்கறத வெளிய தள்ளிட்டு நம்பர கொறச்சி காட்டும், அடுத்த கிளிக்ல எல்லாம் டிஸ்க்ல இருந்து திரும்ப வரணும்.

காட்பாடி, காலேஜ்: அண்ணா, உபுண்டு, 8 ஜிபி. ஃப்ரீ கமாண்ட் அடிச்சா 300 எம்பிதான் ஃப்ரீ, ஸ்வாப் 1.2 ஜிபி யூஸ்டு. ராம் வாங்கணுமா?

தம்பி, "ஃப்ரீ"ன்ற காலம்ம (column) விடு, "அவைலபிள்"ன்றத பாரு. சும்மா கெடக்கற ராம்ல கெர்னல் (சிஸ்டத்தோட மைய ப்ரோக்ராம்) ஃபைல் கேஷ், அதாவது டிஸ்க்ல படிச்ச ஃபைலுங்களோட காப்பி, வச்சிக்கும், வேணும்னா உடனே விட்டுக் குடுக்கும். ஸ்வாப்ல 1.2 ஜிபி கெடக்கறது மட்டும் நோய் இல்ல, என்னிக்கோ தொறந்து நீ தொடாத டேபா கூட இருக்கலாம். போக்குவரத்துதான் முக்கியம். விஎம்ஸ்டாட் 1 (vmstat 1) கமாண்ட் ஓட்டு, மொத வரி பூட் ஆனதுல இருந்து வர சராசரி, அத தள்ளிட்டு எஸ்ஐ (si, ஸ்வாப்ல இருந்து வரது), எஸ்ஓ (so, ஸ்வாப்புக்கு போறது) ரெண்டையும் பாரு. ஜீரோவே வந்தா பைசா செலவு பண்ணாத.

ராணிப்பேட்டை, ஃப்ளெக்ஸ் கடை: 16 ஜிபி ராம் இருந்தும் ஃபோட்டோஷாப்ல 20க்கு 10 அடி பேனர் தொறந்தா சி டிரைவ் ரொம்பிடுது.

ரெசொல்யூஷன் இன்ச்சுக்கு 300 பிக்சல் வச்சிருக்கீங்களா? 72000க்கு 36000 பிக்சல், சிஎம்ஒய்கேல (பிரிண்டுக்கான நாலு கலர் முறை) ஒரு முழு லேயர் மட்டும் 10 ஜிபி! 16 ஜிபி எங்க தாங்கும், மிச்சம் ஸ்க்ராட்ச் டிஸ்க்குக்கு, அதாவது ஃபோட்டோஷாப் தற்காலிகமா எழுதி வைக்கற டிஸ்க் எடத்துக்கு, போவுது. ரோட்ல போறவங்க தூரத்துல இருந்து பாக்கற பேனருக்கு 72 போதும், அப்போ அதே லேயர் 600 எம்பிதான். ஸ்க்ராட்ச் டிஸ்க்க சி டிரைவ்ல இருந்து வேற எஸ்எஸ்டிக்கு மாத்திடுங்க.

வாலாஜா: நான் ஸ்வாப்ப ஆஃப் பண்ணிட்டேன், சூப்பரா ஓடுது. எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டிதான?

தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க. விண்டோஸ்ல பேஜ்ஃபைல் இல்லன்னா கமிட் லிமிட் (ப்ரோக்ராமுங்க மொத்தமா கேக்கக்கூடிய அளவு) ராம் அளவுக்கு கொறஞ்சிடும், ராம் காலியா இருக்கும்போதே "மெமரி இல்ல"ன்னு ப்ரோக்ராம் சாவும், ப்ரோக்ராம் கேட்டு வச்சிட்டு தொடாத எடமும் கணக்குல சேருமே. லினக்ஸ்ல இன்னும் மோசம். ஸ்வாப் இல்லன்னா டேட்டாவ எங்கயும் தள்ள முடியாது, அதனால கெர்னல் ப்ரோக்ராமோட கோட் பேஜையே தூக்கி போட்டுட்டு டிஸ்க்ல இருந்து திரும்ப திரும்ப படிக்கும். ஸ்வாப் இல்லாமலே அதே ஆட்டம்.

வாலாஜா: ஹேங் ஆவறதுக்கு ஒரு ப்ரோக்ராம் சாவறதே மேல்.

அது நியாயமான பேச்சு, ஒத்துக்கறேன். ஆனா ஸ்வாப்ப புடுங்கறது அதுக்கு வழி இல்ல. லினக்ஸ்ல இயர்லிஊம் (earlyoom)னு ஒரு ப்ரோக்ராம் போடுங்க, ராமும் ஸ்வாப்பும் தீர்ற நேரத்துல பெருசா தின்னுகினு இருக்கறத முன்கூட்டியே கொன்னுடும்.

காட்பாடி, காலேஜ்: ஸ்வாப்பினஸ் 10 வச்சா போதும்னு சொல்றாங்களே?

ஸ்வாப்பினஸ்னா லினக்ஸ் கெர்னல் எவ்வளவு தாராளமா ஸ்வாப்புக்கு தள்ளும்ன்ற செட்டிங், டீஃபால்ட் 60. கொறச்சா ஸ்வாப்புக்கு பதிலா ஃபைல் கேஷ் அடி வாங்கும், ராம் பத்தலன்ற உண்மை மாறாது. அதுக்கு பதிலா ஸீராம் (zram) போட்டு பாரு, ராம்லயே சுருக்கி வைக்கும், டிஸ்க்க தொடாது. ஃபெடோரா லினக்ஸ்ல 33வது வெர்ஷன்ல இருந்து அதான் டீஃபால்ட். ஸீராம் போட்டா ஸ்வாப்பினஸ்ஸ ஏத்தணும், கெர்னல் 5.8ல இருந்து 200 வரைக்கும் போலாம்.

ஆற்காடு: 4 ஜிபி சிஸ்டம் ஸ்லோ. வைரஸா?

ஆம்பூர்காரருக்கு சொன்னத படிங்க.

திருப்பத்தூர்: பேஜ்ஃபைல ஆஃப் பண்ணா வேகம் வருமா?

இப்பதான சொன்னேன். ஆஃப் பண்ணாதீங்க.

சத்துவாச்சாரி: வெயில்ல செல்போன் சூடாவி ஹேங் ஆவுது.

போன் நான் பாக்கறதில்லைங்க, மொபைல் கடைல காட்டுங்க.

அரக்கோணம்: 16 ஜிபி, விண்டோஸ் 11. எதுவும் தொறக்காமலே சாயங்காலத்துக்குள்ள 90 சதவீதம் போயிடுது. ப்ராசஸ் லிஸ்ட்ட கூட்டினா 5 ஜிபி கூட வரல. ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணாலும் கொறயல. இன்னும் 16 வாங்கலாமா?

வாங்காதீங்க, அதுவும் ரொம்பிடும், கொஞ்சம் லேட்டா ரொம்பும் அவ்வளவுதான். டாஸ்க் மேனேஜர் மெமரி பக்கத்துல கீழ "நான்-பேஜ்டு பூல்" பாருங்க, கெர்னலும் டிரைவருங்களும் டிஸ்க்குக்கு தள்ளாம ராம்லயே வச்சிருக்கற மெமரி அது. சில நூறு எம்பி இருக்க வேண்டியது ஜிபி கணக்குல இருந்தா ஏதோ டிரைவர் வாங்கின மெமரிய திருப்பி குடுக்கல, அதான் ப்ராசஸ் லிஸ்ட்ல தெரியல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் கெர்னல் பழைய நெலமைலயே எழுந்து வரும், ரீஸ்டார்ட்தான் குடுக்கணும். மைக்ரோசாஃப்ட்டோட பூல்மான் (PoolMon)ன்ற டூல ஓட்டுங்க, P கீய நான்-பேஜ்டு மட்டும் வர வரைக்கும் அழுத்துங்க, அப்புறம் பைட்ஸ்படி அடுக்க B கீய ஒரு தடவ அழுத்துங்க. மேல நிக்கற நாலெழுத்து டேக் இன்னான்னு இங்க போடுங்க, எந்த டிரைவர்னு தேடிடலாம்.