தாளுக்கு நிழல், பிறகுதான் காட்சி

வாசகர் கடிதம்:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். சில ஆண்டுகளாக வீட்டினுள் அமர்ந்து நீர்வண்ணம் தீட்டி வருகிறேன். ஆண்டுதோறும் நடக்கும் திறந்தவெளி ஓவிய நிகழ்வு ஒன்றுக்கு இம்முறை முதன்முதலாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். காலையில் வெற்றுத் தாளின் பின்புறம் முத்திரையிட்டுத் தருவார்கள். மாலைக்குள் ஓவியத்தைச் சட்டமிட்டு ஒப்படைக்க வேண்டும். வருவோரில் பெரும்பாலோர் எண்ணெய் வண்ணக்காரர்கள். பிடிக்காததைச் சுரண்டிவிட்டு அவர்கள் மீண்டும் தீட்டலாம். எனக்கு அந்த வசதி இல்லை. வெயிலில் வண்ணம் உடனே காய்ந்துவிடுமே என்ற அச்சமும் இருக்கிறது. எப்படி ஆயத்தமாவது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வெளியில் சென்று தீட்டுவதில் நீர்வண்ணக்காரர்களே மூத்தவர்கள். அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் 1841இல் வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெறும்வரை எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டித் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. நீர்வண்ணக் கட்டிகளோ அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே சிறு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. ஆகவே அங்கே தயங்கி நிற்க வேண்டியவர் நீங்கள் அல்லர்.

காய்ந்துவிடும் என்ற அச்சம் மட்டும் உண்மையானது. அதற்கான விடை, இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. பலர் அழகான காட்சியைக் கண்டதும் அங்கேயே ஈசலை (ஓவியம் தாங்கும் நிலைச்சட்டத்தை) விரித்துவிடுகிறார்கள். நீங்கள் முதலில் உங்கள் தாளுக்கு நிழல் தேடுங்கள். அந்த நிழலிலிருந்து தெரிவனவற்றுள் ஒன்றைக் காட்சியாகக் கொள்ளுங்கள். கதிரவன் மணிக்கு 15 பாகை நகர்வதால், காலையில் கிடைத்த நிழல் மூன்று மணி நேரம் கழித்தும் உங்கள் மேல் இருக்குமா என்பதை அமரும்போதே கணித்துக்கொள்வது நல்லது. நேரடி வெயில் விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைப்பதோடு, போடும் நிறங்களை உள்ளதைவிட வெளிறியவையாகக் காட்டும். அதை நம்பி அடர்த்தியைக் கூட்டினால், காட்சிக்கூடத்தில் தொங்கும்போது ஓவியம் இருண்டு கிடக்கும். குடை கொண்டுபோவதாயின் வெள்ளை அல்லது சாம்பல் நிறமே தகும்; சிவப்புக் குடை தாளையும் சிவப்பாக்கிவிடும்.

வெயிலைவிடக் காற்றே விரைவாகக் காயவைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளை இருபுறமும் நனைத்து, நீர் உறிஞ்சாத பலகையின்மேல் ஒட்டினாற்போல் படியவைத்தால் அடியிலுள்ள ஈரம் நெடுநேரம் தாங்கும். வானத்தை அவசரமின்றி ஒரே வாஷில் (நீர்த்த வண்ணத்தை அகலப் பரப்பும் பூச்சில்) முடிக்கலாம். (முத்திரை மை நீரில் கரையக்கூடியதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.) அளவு 28×38 செ.மீ., அதாவது கால் தாள், போதும். முழுத்தாளோடு வெளியே வருபவர்களின் துணிவை நான் மதிக்கிறேன், பின்பற்றுவதில்லை.

சுரண்ட முடியாத குறையை ஈடுகட்டுவது முன்முடிவு. வண்ணத்தைத் தொடுவதற்கு முன் உள்ளங்கை அளவில் பென்சிலால் ஒரு ஸ்கெட்ச் போட்டு, வெளிச்சம், நடுத்தரம், நிழல் என்ற மூன்றே அடர்த்திகளில் காட்சியைப் பிரித்து, ஓரத்தில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் தீட்டிய மேக ஆய்வுகள் பலவற்றின் பின்புறம் நாளையும் வேளையையும் காற்றின் திசையையும் எழுதி வைத்தார். அந்த ஸ்கெட்சில் நிழல் விழுந்த இடமே ஓவியத்திலும் நிழலின் இடம். நண்பகலில் எதிரே அது வேறெங்கோ நகர்ந்திருந்தாலும் துரத்திச் செல்லாதீர்கள். வெள்ளையாக விடவேண்டிய இடங்களும் அப்போதே முடிவாகிவிட வேண்டும், ஏனெனில் அவற்றைப் பின்னர் மீட்பது கடினம்.

வேடிக்கை பார்ப்பவர்கள் தொந்தரவாகத் தோன்றினால் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்து அமருங்கள். விதி இடங்கொடுத்தால் இரண்டு தாள்களுக்கு முத்திரை வாங்குங்கள். இரண்டாவது தாள் பையில் இருக்கும் தைரியத்திலேயே முதலாவது பெரும்பாலும் நன்றாக வந்துவிடும்.

கண்ணாடியும், ஓவியத்தைச் சுற்றி ஓரமாக அமையும்படி வெட்டிய மவுண்ட் அட்டையும் கொண்ட சட்டத்தை அதே கால் தாள் அளவுக்கு வீட்டிலேயே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லுங்கள். நனைத்த தாள் முழுதும் காய நேரம் பிடிக்கும். ஈரத்தோடு கண்ணாடிக்குள் அடைத்தால் உட்புறம் ஆவி படியும், தாளும் நெளியும். எனவே ஒப்படைக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது தூரிகையைக் கழுவிவிடுங்கள்.