என்ஐபிடி (தாயின் ரத்தத்தில் கருவின் குரோமோசோம் கோளாறைத் தேடும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் அதை நம்பலாமா? தாயின் ரத்தத்தை வைத்துக் குழந்தையின் குரோமோசோமை எப்படிச் சொல்கிறார்கள்?

மனைவிக்கு 13-வது வாரம், டவுன் சிண்ட்ரோமுக்கு 'ஹை ரிஸ்க்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, வீட்டில் யாரும் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை, மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். முதலில் ஒன்று: அந்த ஒரு காகிதத்தை வைத்து கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டென்னிஸ் லோ என்ற ஹாங்காங் மருத்துவர், தாயின் ரத்தத்தில் குழந்தையின் செல்களைத் தேடிப் பல வருடங்கள் போராடினார். செல்கள் மிக அரிதாகவே கிடைத்தன. புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் (ரத்த அணுக்களை நீக்கினால் மிஞ்சும் திரவம்) கட்டியின் டிஎன்ஏ மிதக்கிறது என்று 1996-ல் கட்டுரைகள் வந்தன. கட்டி விடுகிறதென்றால் வயிற்றில் வளரும் கருவும் விடுமே என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை செல்களைப் பிரித்துவிட்டுக் கீழே கொட்டிக்கொண்டிருந்த பிளாஸ்மாவையே எடுத்துக் கொதிக்க வைத்து, அதில் ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமைத் தேடினார். ஆண் குழந்தையைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரிடம் அது கிடைத்தது. 1997-ல் லான்செட் இதழில் வெளியானது. (அன்று ஆண் குழந்தையை வைத்துத்தான் நிரூபித்தார்கள். இன்று இந்தியாவில் 1994-ம் வருடச் சட்டப்படி எந்த லேபும் பாலினத்தைச் சொல்லக் கூடாது. அதைக் கேட்கவும் கேட்காதீர்கள்.)

தாயின் பிளாஸ்மாவில் மிதக்கும் டிஎன்ஏ துண்டுகளில் பெரும்பகுதி தாயுடையதுதான். கருவின் பங்கு சுமார் 10 சதவீதம். எது யாருடையது என்று நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரிப்பதில்லை. லட்சக்கணக்கான துண்டுகளைப் படித்து, எந்தக் குரோமோசோமிலிருந்து எத்தனை வந்தன என்று எண்ணுகிறோம். குழந்தைக்கு 21-ம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தால் (அதுதான் டவுன் சிண்ட்ரோம்), 100 துண்டு வர வேண்டிய இடத்தில் 105 வரும். அந்த ஐந்தைப் பிடிப்பதுதான் முழுப் பரிசோதனையும். அதனால்தான் ரத்தம் எடுத்து அனுப்பும் ட்யூப் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கிறோம். வழியில் தாயின் வெள்ளை அணுக்கள் உடைந்தால் அவருடைய டிஎன்ஏ கொட்டி, கருவின் பங்கு கரைந்துவிடும். பிளாஸ்மாவை இயந்திரத்தில் ஒரு முறை சுற்றிப் பிரித்த பிறகு, மிச்சமிருக்கும் செல்லும் போக இன்னும் வேகமாக இரண்டாம் முறை சுற்றுகிறோம்.

சரி, நம்பகத்தன்மைக்கு வருவோம். 'குழந்தையின் டிஎன்ஏ' என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, அது நஞ்சுக்கொடியின் (சுருக்கமாக நஞ்சு) செல்களிலிருந்து வருவது. சில கர்ப்பங்களில் நஞ்சில் மட்டும் கோளாறு இருக்கும், குழந்தை நன்றாக இருக்கும். இரட்டையில் ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்து போயிருந்தாலும் அதன் நஞ்சு கணக்கைக் குழப்பும். பயந்துபோய் வேறு லேபில் இன்னொரு முறை என்ஐபிடி எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அதே நஞ்சு, அநேகமாக அதே பதில்தான் வரும். பணமும் நாளும்தான் போகும்.

அப்புறம் வயது. 1500 கர்ப்பத்தில் ஒன்றுக்கு டவுன் இருக்கும் இளவயது என்று வைத்துக்கொள்வோம். 15,000 பெண்களைப் பரிசோதித்தால் உண்மையான பாதிப்பு 10 பேருக்கு. பரிசோதனை ஆயிரத்தில் ஒன்று மட்டும் தவறாகச் சொன்னாலும் 15 பேருக்குப் பொய்யான ஹை ரிஸ்க் வரும். ஆக 25 ரிப்போர்ட்டில் 10 தான் உண்மை. 40 வயதில் நிலைமை வேறு: நூற்றில் ஒன்று என்பதால் உண்மை 150, பொய் அதே 15. '99 சதவீதம் துல்லியம்' என்ற விளம்பர வரி இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. அது எனக்குக் கோபம் வரும் விஷயம். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண், அந்த வரியை நம்பித் தன் குழந்தைக்கு 99 சதவீதம் நோய் என்று எடுத்துக்கொள்கிறாள்.

இனி செய்ய வேண்டியது: ரிப்போர்ட்டில் 'ஃபீட்டல் ஃபிராக்‌ஷன்' (கருவின் டிஎன்ஏ பங்கு) எவ்வளவு என்று பாருங்கள். 4 சதவீதத்துக்கும் கீழே என்றால் முடிவே பலவீனமானது. கருவின் பின்கழுத்தில் இருக்கும் நீரை அளக்கும் என்டி ஸ்கேன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு மரபியல் ஆலோசகரையோ கரு மருத்துவ நிபுணரையோ பாருங்கள். இப்போதே நஞ்சிலிருந்து திசு எடுத்துப் பார்க்கும் சிவிஎஸ் என்றும் ஒரு வழி உண்டு, ஆனால் அதுவும் நஞ்சுதான். ஸ்கேன் நன்றாக இருந்தால், 16-வது வாரம்வரை பொறுத்துப் பனிக்குட நீரை எடுக்கும் ஆம்னியோசென்டெசிஸ் செய்வதைப் பற்றிக் கேளுங்கள். அந்த நீரில் இருப்பவை குழந்தையின் செல்கள். அனுபவமுள்ளவர் செய்தால் அதனால் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்றுக்கும் குறைவு. 21-ம் குரோமோசோமுக்கான விரைவு முடிவு சில நாட்களில் வந்துவிடும், முழுக் குரோமோசோம் படத்துக்கு இரண்டு வாரம் போல ஆகும்.