2006 ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டி, 5.4 லிட்டர் வி8 எஞ்சின்: ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றலாமா, எந்த பிளக் வாங்குவது?

மாற்றலாம், ஆனால் அவசரம் கூடவே கூடாது. சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட இந்த எஞ்சினில் பிளக் உடைவது அமெரிக்க மெக்கானிக்குகளுக்குப் பழகிப்போன தலைவலி. பிளக்கின் நீண்ட அடிப்பகுதி தனித் துண்டு. அதைச் சுற்றிக் கரி படிந்து சிலிண்டர் ஹெட்டோடு (எஞ்சின் சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இறுகிவிடும். பலமாகத் திருகினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும்.

எஞ்சின் முழுக்க ஆறட்டும். பிளக் குழிக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து நீக்குங்கள். பிளக்கைக் கால் சுற்றுக்கு மேல் தளர்த்தாமல், கரியை இளக்கும் கார்புரேட்டர் கிளீனர் திரவத்தை அந்தக் குழிக்குள் ஊற்றி குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் கொஞ்சம் தளர்த்துவதும் கொஞ்சம் இறுக்குவதுமாக மெல்ல எடுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி ஊறவிடுங்கள். இந்தப் பொறுமைதான் உங்கள் ஹெட்டைக் காப்பாற்றும்.

உடைந்துவிட்டால் பயம் வேண்டாம். மிச்சத்தை வெளியே எடுக்க லைல் நிறுவனத்தின் தனிக் கருவி கிடைக்கிறது.

புதிதாக என்ன போடுவது? சாம்பியன் நிறுவனம் இந்த எஞ்சினுக்கென்றே ஒற்றைத் துண்டு பிளக் விற்கிறது. என் ஓட்டு அதற்கே. டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்) 34 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்குங்கள், போதும்.